தீ பார்த்த பக்கம்

சுடுமண் சிற்பத்துக்குள் இருப்பது காற்று. தோள், கழுத்து, துணிமடிப்பு எல்லாம் ஒரு வெற்றிடத்தைச் சுற்றி எழுப்பிய சுவர். கல்லிலும் மரத்திலும் முழுக்கட்டியைச் செதுக்கலாம். மண்ணிலும் செதுக்கலாம், சூளைக்கு அனுப்பாதவரை. முழுக்கட்டியான தலைக்கு வெளிப்புறம் முதலில் காய்ந்து இறுகிவிடும், நடுவில் ஈரம் தங்கிவிடும். சூளையில் 100 டிகிரியைத் தாண்டும்போது அந்த ஈரம் ஆவியாகி, முன்பு இருந்ததைப்போல் ஏறக்குறைய 1,700 மடங்கு இடம் கேட்கும். வழி இல்லையென்றால் பிளந்துகொண்டு வரும். வெடித்த துண்டுகள் பக்கத்தில் நிற்கும் அடுத்தவர் வேலையையும் விட்டுவைப்பதில்லை. அதனால் எங்கள் சூளையில் யாருடைய உருவம் உள்ளே போனாலும், எங்கேயாவது ஓர் ஓட்டை இருக்கிறதா என்று எல்லோரும் தடவிப் பார்ப்பார்கள். கண்விழி, காதுத் துளை, அடிப்பாகம், எங்கு இருந்தாலும் சரி.

*

சுவர் மெல்லியதாக இருக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வதுண்டு. அதைவிட முக்கியம் சீராக இருப்பது. இரண்டு விரல் பருமனுள்ள சுவர்கூட நன்றாகக் காயவிட்டு மெதுவாகச் சுட்டால் தாங்கும். ஒரு விரல் சுவர் இரண்டு விரல் சுவரைச் சந்திக்கும் இடத்தில்தான் விரிசல் விழுகிறது. ஒன்று காய்ந்து சுருங்கிவிட்டது, இன்னொன்று இன்னும் சுருங்கவில்லை. உடலோடு கை சேரும் இடம், கழுத்தோடு தலை சேரும் இடம், எல்லாம் இந்த வகை. ஒட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். கீறி, மண்குழம்பு பூசி, அழுத்தி, உள்பக்கம் ஒரு மண்திரி வைத்துத் தேய்த்து, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்திவிட வேண்டும். காற்று அடிக்கும் ஜன்னல் பக்கம் ஒரு தோளும் சுவர்ப்பக்கம் இன்னொரு தோளுமாக உருவத்தை வைத்தால், போர்த்தியும் பயனில்லை.

*

பச்சை மண்ணில் ஒரு மீட்டர் உயரம். காய்ந்து, 1,300 டிகிரிவரை வெந்து வெளியே வரும்போது 88 அல்லது 90 சென்டிமீட்டர். இந்தச் சுருக்கத்தை உயரத்தில் மட்டும் நினைத்துக்கொள்கிறோம். அடிப்பாகமும் உள்நோக்கி நகர்கிறது. கனமான உருவத்தின் அடி தட்டோடு பிடித்துக்கொண்டால் நகர முடியாமல் கிழியும். அதற்காக அதே மண்ணில் ஒரு பலகை தட்டி, அதன்மேல் உருவத்தை நிறுத்திச் சூளைக்குள் அனுப்புகிறோம். பலகைக்குக் கீழே மணல். உருவம் சுருங்கும்போது பலகையும் கூடவே சுருங்கும், விரிசல் வந்தால் அது வாங்கிக்கொள்ளும். யாரும் பார்க்கப்போகாத அந்தப் பலகைக்கு நல்ல மண்ணைச் செலவழிக்க மனம் வராது. வந்தாக வேண்டும்.

*

பெரிய உருவத்தைத் துண்டாகச் செய்வது இன்று நேற்றைய யோசனை அல்ல. 1974-இல் ஷியான் அருகே கிடைத்த சீனச் சுடுமண் வீரர்களுக்குத் தலை தனி, கை தனி. கால்கள் மட்டும் கட்டியாக இருக்க, அவற்றின்மேல் உள்ளீடற்ற உடல் நிற்கிறது. எடை கீழே, வெற்றிடம் மேலே. ரோமின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் இருக்கும் எட்ரஸ்கன் தம்பதியர் ஈமப்பேழை கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சாய்ந்து அமர்ந்திருக்கும் கணவனும் மனைவியும் ஏறக்குறைய ஆள் அளவு. அதை நான்கு பகுதிகளாகச் செய்து சுட்டிருக்கிறார்கள். எங்கே வெட்டுவது என்று முடிவு செய்தவர், உருவத்தைப் பார்க்கிற கண்ணோடு சூளையின் அளவையும் பார்த்திருக்கிறார்.

*

அய்யனார் கோயில் குதிரைகள் இதற்கு நேர் எதிர்வழி. ஆளைவிட உயரமான குதிரையைச் சூளைக்குக் கொண்டுபோக முடியாதபோது, சூளையைக் குதிரையிடம் கொண்டுவருகிறார்கள். ஊரார் பிடிமண் கொடுத்து வேலையை ஒப்படைத்தபின் குயவரான வேளார் மண் எடுக்கிறார், மிதிக்கிறார், மணலும் உமியும் சேர்க்கிறார். முதலில் நான்கு கால்கள், உருளைகளாக. அவை தாங்கும் அளவுக்கு இறுகியபின் வயிறு, அப்புறம் மார்பு, கழுத்து, தலை. கீழே காய்ந்தால்தான் மேலே ஏற முடியும். அவசரப்பட்டால் வயிறு தொய்யும். முடிந்ததும் வைக்கோல், வரட்டி, விறகு கொண்டு மூடி, மேலே சேறு பூசிச் சுடுவார்கள்.

இப்படித் திறந்தவெளியில் மூட்டம் போட்டால் ஒரு பக்கம் சூடு அதிகம், ஒரு பக்கம் குறைவு. எங்கள் சூளைக்காகக் கலக்கும் நெருக்கமான மண் அந்த ஏற்றத்தாழ்வில் பிளந்துபோகும். குதிரை ஏன் பிளப்பதில்லை? உமிதான் காரணம். அது எரிந்துபோன இடமெல்லாம் நுண்துளை. ஆவி வெளியேற வழி கிடைக்கிறது, ஓடத் தொடங்கும் விரிசலும் ஒரு துளையில் போய் நின்றுவிடுகிறது. வெந்த சூடும் எங்கள் சூளையைவிட மிகக் குறைவு. நாங்கள் கடையில் வாங்கும் பொடித்த சுட்டமண்ணும் மண்கலவைக்குள் செய்யும் வேலை ஏறக்குறைய இதுவே.

*

உடைந்த குதிரைகளைக் கோயில் தோப்பில் பழுதுபார்ப்பதில்லை. அடுத்த புரவியெடுப்புத் திருவிழாவுக்குப் புதியவை வரும், பழையவை அப்படியே கிடக்கும். மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாகிவிடும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆகாது. களிமண்ணின் முக்கியக் கனிமங்களில் ஒன்றான கயோலினைட்டில் ஏறக்குறைய 14 சதவீதம் நீர், படிகத்தோடு பிணைந்து கிடக்கிறது. வெயிலில் எவ்வளவு காய்ந்தாலும் அது போகாது. 450 முதல் 600 டிகிரிக்குள் அது வெளியேறியபின் அந்தப் பொருள் களிமண்ணாகத் திரும்புவதில்லை. தண்ணீரில் ஊறப்போட்டாலும் பிசைய வராது. உடையலாம், தேயலாம், பாசி பிடிக்கலாம், கரையாது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளை இன்று நாம் பார்க்க முடிவது இதனால்தான். பச்சை மண் குதிரையை நூறு முறை கரைத்து நூறு முறை செய்யலாம். சுட்டது ஒரு தடவைதான்.

*

கருப்பு-சிவப்புப் பானை. கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்தவை. உட்புறமும் விளிம்பும் கருப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டதால், காற்றுப் புகாத உட்புறம் கறுத்தது, காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவந்தது என்பது பரவலான விளக்கம். மண்ணில் இருக்கும் இரும்பு, ஆக்சிஜன் கிடைத்தால் சிவப்பு. கிடைக்காவிட்டால் சாம்பலும் கருப்பும். மூச்சுத் திணறும் தீ, மண்ணுக்குள் இருக்கும் ஆக்சிஜனையே பிடுங்கிக்கொள்கிறது.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது வேதியியல் இல்லை. அந்த இரண்டு நிறமும் வண்ணம் தீட்டி வந்தவை அல்ல. பானையை எப்படி வைத்தார்கள் என்பதிலிருந்து வந்தவை. வைப்பதே வேலைப்பாடு.

*

விறகுச் சூளையின் தீ ஒரு பக்கத்திலிருந்து வந்து இன்னொரு பக்கம் போகிறது. அடுப்புவாயில் தொடங்கி, அடுக்கிய பொருள்களுக்கு இடையே நுழைந்து, புகைபோக்கியில் முடிகிறது. ஆற்றுநீர் பாறையைச் சுற்றிப் போவதுபோல்தான் போகிறது. முன்னால் மோதும், பக்கங்களில் விரைந்து வழுக்கும், பின்னால் சுழித்துத் தேங்கும். மோதும் முகத்தில் சாம்பல் படிந்து உருகுகிறது. வழுக்கும் பக்கங்களில் செம்மஞ்சள் பூக்கிறது. விறகிலிருந்து கிளம்பும் பொட்டாசியம், சோடியம் ஆவிகள் மண்ணைத் தொட்டுச் செய்யும் வேலை அது. பின்பக்கம் மண் தன் நிறத்திலேயே நிற்கிறது.

சிற்பி முன்பக்கம் என்று ஒன்றை நினைத்துச் செய்கிறார். தீக்கு வேறொரு முன்பக்கம். இரண்டையும் ஒன்றாக்குவதா, வேண்டுமென்றே விலக்குவதா என்பதை அடுக்கும் நாளில் முடிவு செய்தாக வேண்டும். உளியை வைத்துவிட்ட பிறகு செய்கிற சிற்பவேலை அது.

*

கயோலின் அதிகமுள்ள வெள்ளைக் குழம்பை மெல்லியதாகப் பூசிய இடத்தில் அந்தச் செம்மஞ்சள் நன்றாக வரும். கனமாகப் பூசினால் சுண்ணாம்பு அடித்த சுவர்.

*

சாம்பல் எப்படிக் கண்ணாடியாகிறது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். விறகுச் சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாஷும் உண்டு. மண்ணில் சிலிக்காவும் அலுமினாவும் உண்டு. சிலிக்கா தனியாக உருக 1,700 டிகிரி தேவை. சுண்ணாம்பும் பொட்டாஷும் சேர்ந்தால் 1,250 தாண்டியதுமே மேற்பரப்பு இளகத் தொடங்கிவிடும். படிந்த சாம்பல் மண்ணைக் கரைத்து, வழிந்து, உறைந்து நிற்கிறது. யாரும் கிளேஸ் பூசவில்லை. கொஞ்சம் இரும்பும் மூச்சுத் திணறிய தீயும் இருந்தால் பச்சை.

மேலே பார்க்கும் பரப்புகளில்தான் சாம்பல் தங்கும். தோள், மூக்குத்தண்டு, மடித்த முழங்கால். செங்குத்தான பரப்பில் வழியும். தாடைக்கு அடியில் எதுவும் வராது. மண்ணில் இருக்கும்போதே எங்கே தங்கும், எங்கே வழியும் என்று பார்த்துச் சரிவுகளை வைத்துக்கொள்ளலாம். சின்ன நுணுக்கங்கள், மெல்லிய கோடுகள், நகக்கண் எல்லாம் கனத்த சாம்பலுக்குள் மூழ்கிவிடும். அடுப்புவாய்க்கு அருகில் நிற்கப்போகிற உருவத்துக்கு இமைமுடி செதுக்குவதில் அர்த்தமில்லை.

*

ஒற்றை அறையுள்ள, குகை போன்ற அனகாமா சூளை 5-ஆம் நூற்றாண்டில் கொரியாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது. பிஸென் ஊரில் கிளேஸ் இல்லாமல், செம்பைன் விறகில், நாட்கணக்கில் சுடுகிறார்கள். உப்பு நீரில் நனைத்த வைக்கோலைப் பொருளைச் சுற்றிக் கட்டி, நெருப்பும் சாம்பலும் நேரே படாத இடத்தில் வைத்தால், வைக்கோல் போன தடம் சிவப்புக் கோடாக நிற்கும். ஷிகாராகியில் சில பொருள்களைப் பக்கவாட்டில் சாய்த்து, சிப்பியின்மேல் வைப்பார்கள். சிப்பியின் சுண்ணாம்பு, தன் வரிகளை மண்ணில் பதித்துவிட்டு, பிறகு உதிர்ந்துவிடும். தட்டோடு ஒட்டாமல் இருக்கச் செய்த ஏற்பாடுதான். பார்க்கிறவர்கள் இன்று அந்தத் தடத்தைத் தேடிப் பார்க்கிறார்கள்.

நாங்கள் அலுமினாவும் கயோலினும் கலந்து உருட்டிய சிறு உருண்டைகளை அடியில் வைக்கிறோம். அவையும் தடம் விடும். மூன்று உருண்டையா, ஐந்தா, எங்கெங்கே என்று யோசிக்காமல் வைத்தால் உருவத்துக்கு அம்மைத் தழும்பு.

*

சிற்பி இசாமு நொகுச்சி 1952-இல் ஜப்பானின் கீத்தா-கமாகுராவில் ரொசாஞ்ஜின் என்ற குயவரின் இடத்தில் தங்கி, அவருடைய சூளையில் தன் மண் உருவங்களைச் சுட்டார். அமெரிக்காவில் பீட்டர் வோல்கோஸ், சக்கரத்தில் வனைந்த பெரிய உருளைகளை அடுக்கி, கிழித்து, குத்திச் சிற்பமாக்கியவர். 1970-களின் இறுதியிலிருந்து பீட்டர் கேலஸ் கட்டிய அனகாமாவில் அவற்றைச் சுட்டார். கேலஸ்தான் அடுக்கினார், விறகு போட்டார். வோல்கோஸின் உருவங்களில் எந்தப் பக்கம் தீ மோத வேண்டும் என்பது இருவர் கண்ணும் சேர்ந்த விஷயம். கண்காட்சிச் சுவரில் வோல்கோஸ் பெயர் மட்டும் இருப்பதில் தவறில்லை. ஆனால் விறகுச் சூளை தனியாள் கலையாக இருந்ததில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பல நாள் எரியும் அடுப்புக்கு ஒருவர் விழித்திருந்தால் இன்னொருவர் தூங்க வேண்டும்.

*

சிற்பம் இருக்கும் சூளையை மெதுவாகத் தொடங்க வேண்டும். முதலில் வாய்க்கு வெளியே சின்ன நெருப்பு, அனல் காட்டுவதற்கு மட்டும். எட்டிப் பார்க்கும் துவாரத்தில் ஒரு கண்ணாடித் துண்டைப் பிடித்தால் ஆவி படியும். படிகிறவரை உள்ளே ஈரம் இருக்கிறது. பானை மட்டும் இருக்கும் சூளையில் இந்த நேரத்தைப் பாதியாக்கலாம்.

573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகம் சட்டென்று தன் அமைப்பை மாற்றிப் பருக்கிறது. ஏறும்போது இதைத் தாண்டிவிட்டால் பெருமூச்சு. இறங்கும்போது அதே இடம் மறுபடி காத்திருக்கிறது என்பது பலருக்கு மறந்துபோகும்.

*

இரவு ஷிஃப்ட். உள்ளே மங்கிய சிவப்பு என்றால் 700. செம்மஞ்சள், 1,000 தாண்டியாயிற்று. மஞ்சள் வெளுத்தால் 1,200-க்கு மேல்.

“போட்டுடலாமா அண்ணே?”

“இரு தம்பி. புகை அடங்கட்டும்.”

விறகு போட்டதும் சூடு ஏறாது, தயங்கும். புகைபோக்கியில் கரும்புகை, பிறகு ஒரு நாக்குத் தீ, பிறகு தெளிவு. தெளிகிற அந்தச் சில நிமிடங்களில்தான் சூடு ஏறுகிறது. அது மறுபடி தளர்வதற்கு முன்னால் அடுத்த கட்டை. அதிகம் திணித்தால் கங்கு மேடாகி, அடுப்புக் கம்பிகளுக்குக் கீழே காற்று வராமல், எரிகிற விறகே சூட்டைக் குறைக்கும். விறகு போட்டும் சூடு இறங்குகிறதே என்று இன்னும் போடுவது எல்லோருக்கும் வரும் ஆசை. அப்போது செய்ய வேண்டியது கங்கைக் கிளறிக் காற்று விடுவது.

*

கூம்புகள். ஹெர்மன் ஸேகர் 1886-இல் பெர்லினில் செய்தவை. எட்வர்டு ஆர்டன் 1896-இல் அமெரிக்காவில் அதே வழியில் செய்யத் தொடங்கினார். குறிப்பிட்ட கலவையில் செய்த சின்னக் கூம்பு, தன் நேரம் வந்ததும் தலை சாய்க்கும். வெப்பமானி அந்த நொடியின் சூட்டைச் சொல்கிறது. கூம்பு, எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் நின்றது என்பதைச் சொல்கிறது. மண்ணுக்கு இரண்டாவது கணக்குத்தான் புரியும். பத்தாம் எண் கூம்பு சாய்வது ஏறக்குறைய 1,300-இல், மெதுவாக ஏற்றினால் அதற்குக் கொஞ்சம் முன்பே. முன்பக்கக் கூம்பு முழுக்கச் சாய்ந்தபோது பின்பக்கத்தில் ஒன்பதாம் எண்கூட நிமிர்ந்து நிற்கலாம். ஒரே சூளைக்குள் இரண்டு சூளை. அதையும் அடுக்கும்போதே கணக்கில் எடுக்க வேண்டும்.

*

விறகு. எங்கள் பக்கம் சவுக்கு. கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டுக் கரையோர மணலில் பயிராகவே வளர்க்கிறார்கள், சில ஆண்டுகளில் வெட்டுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் மதராஸ் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டுமென்று பெருக்கிய மரம். வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் வெறும் மணலிலும் வளர்கிறது. நேரான கழி, பிளக்க அதிகம் வேலையில்லை, நன்றாகக் காய்ந்தால் சுடர் நீளம். சீமைக்கருவேல் மலிவு, சூடும் அதிகம், ஆனால் கங்கு சீக்கிரம் சேரும், முள்ளும் உண்டு. ஈரவிறகு எதுவானாலும் தன் நீரை ஆவியாக்கவே பலத்தில் ஒரு பங்கைச் செலவழிக்கும். விறகை மழைக்கு முன் வாங்கி அடுக்குவதும் சிற்பவேலையில் சேர்த்தி.

விறகில் சுடுவது சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்று கேட்கிறார்கள். நட்டு வெட்டும் சவுக்குக்கு ஒரு பதில், காட்டுமரத்துக்கு வேறு பதில். கரும்புகைக்கு எந்தப் பதிலும் சரியாக வராது. அதனால் குறைவாகச் சுடுகிறோம், சூளை நிறையும்வரை காத்திருக்கிறோம்.

*

புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். இந்தியாவில் இன்று வேலை செய்யும் பல பீங்கான் கலைஞர்கள் அங்கே கற்றவர்கள். மீக்கர் 1980-களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் வீடுகளையே சுட்டார். பச்சைச் செங்கல்லில் வளைகூரையோடு வீட்டைக் கட்டி, உள்ளே பச்சைச் செங்கல்லும் ஓடும் அடுக்கி, வீட்டுக்குள்ளேயே தீ மூட்டுவது. உள்ளே வெந்த சரக்கை விற்றால் விறகுச் செலவு ஈடாகும் என்பது கணக்கு. ஈரானில் நாதர் கலீலி செய்துபார்த்த யோசனையின் வழி அது. பணக்கணக்கு நிலைக்கவில்லை, வீடுகள் நின்றன. எனக்கு அந்த வீடுகளில் பிடித்தது, சூளைக்கும் பொருளுக்கும் வித்தியாசம் போய்விட்டது. தீ எந்தப் பக்கம் பார்க்கும் என்ற கேள்விக்கு அங்கே ஒரே பதில்: உள்பக்கம்.

*

அதே ஊர்ப்பக்கம் வில்லியனூரில் சுடுமண் வேலை தொழிலாகவே நடக்கிறது. அங்கே செய்யும் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. சுடுமண் கலைஞர் முனுசாமி கிருஷ்ணபக்தருக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஸ்டூடியோக்காரர்களான நாங்கள் கண்காட்சியின் தேதிக்குச் சுடுகிறோம், அவர்கள் பண்டிகையின் தேதிக்கு. பண்டிகை தள்ளிப்போகாது.

*

“மீதியைத் தீ பார்த்துக்கொண்டது” என்று கண்காட்சிப் பலகைகளில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. தற்செயலின் அழகாம். தீ எதையும் பார்த்துக்கொள்ளாது. எங்கே வைத்தோம், எந்தப் பக்கம் திருப்பினோம், பக்கத்தில் எவ்வளவு இடைவெளி விட்டோம், முன்னால் யாரை நிறுத்தினோம், எந்த விறகு, எத்தனை நாள் காய்ந்தது, எப்போது கிளறினோம்: எல்லாம் முடிவுகள். முடிவெடுக்காமல் விட்டதும் ஒரு முடிவு. எல்லாம் கையில் இருக்கிறது என்று சொல்லவில்லை. அப்படியொரு சூளையை நான் பார்த்ததில்லை. ஆனால் தற்செயல் என்ற சொல்லை எடுப்பதற்கு முன், அடுக்கின படத்தை எடுத்துப் பார்க்கலாம். பாதிக் கேள்விக்கு அதில் பதில் இருக்கும். அதனால்தான் அடுக்கி முடித்துக் கதவைச் செங்கல்லால் அடைப்பதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் நோட்டில் வரைகிறேன், போட்டோ எடுத்தாலும்கூட.

*

ஆறவிடுவது. எல்லாத் துவாரத்தையும் சேறு பூசி அடைத்த பிறகு செய்ய ஒன்றுமில்லை, அதுதான் கடினம். 573-க்கு மேல் இருக்கும்போது குளிர்காற்று ஒரு பக்கம் பட்டால், சுற்றி ஓடும் நேர்த்தியான விரிசல் வரும். கத்தியால் அறுத்ததுபோல் விளிம்பு கூராக இருக்கும். ஏறும்போது வந்த விரிசலின் விளிம்பு கொஞ்சம் திறந்து, சாம்பல் ஓடி, மழுங்கியிருக்கும். உடைந்ததைப் பார்த்து எப்போது உடைந்தது என்று சொல்லிவிடலாம். கனமான சிற்பம் பானையைவிட வெகுநேரம் சூட்டை வைத்திருக்கும். வெளிச்சுவரைத் தொட்டுப்பார்த்து முடிவு செய்யக் கூடாது.

*

அடுத்த அடுக்குக்கு:

சவுக்கு, போன முறையைவிட மெல்லிய பிளவாக. கடைசி 100 டிகிரிக்கு மட்டும்.

அடுப்புவாய்த் தட்டில் உயரமானவற்றை நெருக்கமாக வைக்கக் கூடாது. பின்வரிசைக்குத் தீ போய்ச் சேர ஒரு கை அகலம் விடவும்.

இரட்டைத் தலை உருவம்: பக்கவாட்டில். ஒரு முகத்துக்குச் சாம்பல், ஒரு முகத்துக்குச் செம்மஞ்சள்.

உட்கார்ந்த பெண்: முதுகு அடுப்பைப் பார்த்து. முகத்தில் சாம்பல் வழிந்தால் அந்த உதடு போய்விடும். ஆனால் அப்படியென்றால் முதுகு இப்போது இருப்பதுபோல் வெறும் மூடியாக இருக்க முடியாது. மண் இன்னும் வெட்டும் பதத்தில்தான் இருக்கிறது. தோள்பட்டை எலும்பையும் முதுகுத்தண்டின் பள்ளத்தையும் நாளைக்கே திறந்து செய்ய வேண்டும்.